ஒரு டாங்கிக்கு மூன்று குழி

பெரியப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியின் பின் கேட். முன் கேட்டில் வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பின் கேட்டில் இவர் ஒருவர்தான். எழுபது தாண்டிவிட்டது. பென்ஷன் வருகிறது, கேன்டீன் கார்டு இருக்கிறது, வீட்டில் உட்காரலாம். சொன்னால் கேட்பதில்லை. "உக்காந்தா துரு ஏறிடும்டா" என்பார்.

கடையை மூடிவிட்டு வாரத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் போய் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்வது என் பழக்கம். எனக்கு வேலூரில் லாரி உதிரிபாகக் கடை. தோல் நாற்றம் முதல் பத்து நிமிடம் மூக்கில் ஏறும், அப்புறம் தெரியாது. 2023 மார்ச்சில் ஒருநாள் அப்படிப் போனபோது போனில் ஒரு வீடியோ காட்டினேன். ரஷ்யாவில் ஒரு சரக்கு ரயில், அதன்மேல் வரிசையாகப் பழைய டாங்கிகள். கிடங்கிலிருந்து வெளியே எடுத்து எங்கேயோ கொண்டு போகிறார்கள்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, டி-55 மாதிரி கீது?"

"அதேதான் பெரியப்பா. உக்ரைனுக்குப் போவுதாம்."

"இத வச்சிகினு இன்னா பண்ணுவாங்க?"

"அதத்தான் உங்களக் கேக்க வந்தன்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். கேட்டுக்கு வெளியே இருட்டை ஒருமுறை பார்த்தார். "சண்டைக்கு இல்லடா. காவலுக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் படித்ததும் அவரிடம் கேட்டதும்தான் இந்தப் பதிவு. எனக்கு ராணுவ அனுபவம் எதுவும் கிடையாது. ஆள் எடுப்புக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் ஓட்டத்தில் தோற்றவன்.

எங்கள் பக்கத்தில் பட்டாளம் என்பது வீரம், தேசம் என்பதற்கெல்லாம் முன்னால் ஒரு பிழைப்பு. பாலாற்றில் தண்ணீர் இல்லை, நிலத்தில் பாறை, தோல் ஷாப்பில் கூலி குறைவு. அதனால் பையன் பட்டாளத்துக்குப் போவான். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். வீட்டுக்கு ஒரு ஆளாவது ராணுவத்தில் இருப்பதால் வந்த பெயர். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லையென்றாலும், தெருவுக்கு நாலு 'எக்ஸ் சர்வீஸ்' உண்டு. லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1914இல் தொடங்கிய பெரிய போருக்கு வேலூரிலிருந்து போனவர்கள் 277 பேர், உயிர் விட்டவர்கள் 14 பேர் என்று எழுதியிருக்கும். அதன் கீழே தினம் காய் விற்கிறார்கள். நிமிர்ந்து படிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெரியப்பா போனது கவசப் படைக்கு. அங்கே சிப்பாய்க்கு சவார் என்று பெயர், ஹவில்தாருக்கு தஃபேதார். குதிரை போய் டாங்கி வந்த பிறகும் பெயர்கள் மட்டும் குதிரையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. இதில் நம்ம ஊருக்கும் ஒரு பாத்தியதை உண்டு. இன்றைய இந்தியக் கவசப் படையில் மிகப் பழைய ரெஜிமென்ட்டான 16ஆவது லைட் கேவல்ரி, ஆற்காட்டு நவாபின் குதிரைப்படையிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கிளைத்தது. ஆற்காடு பிரியாணி அளவுக்கு இது ஏன் பேசப்படவில்லை என்று எனக்கு ஒரு வருத்தம்.

அவர் ஓட்டியது விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியின் வரைபடத்தை வைத்து ஆவடியில் செய்தது. 1960களின் நடுவில் தொடங்கி 2,000க்கும் மேல் செய்தார்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஆவடி, ஆனால் இவர் அந்த வண்டியை முதன்முதலில் பார்த்தது வடக்கே, ஆயிரத்தைந்நூறு கல் தள்ளி. சுமார் 39 டன். நாலு பேர் உள்ளே: கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர். இன்ஜின் பெயர் எல்-60. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரும் புதிருமாக வந்து முட்டுவது போல் வேலை செய்யும். லாரி இன்ஜின் பார்த்தே வளர்ந்த எனக்கு இதை அவர் தீக்குச்சிகளை வைத்து விளக்கினார். "நல்ல இன்ஜின்தானா?" என்று கேட்டேன். "மாமியார் மாதிரி" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை.

பீரங்கிதான் விஷயம். 105 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் எல்-7. அந்த ஒரு பீரங்கி உலகத்தில் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பிரிட்டனின் செஞ்சூரியன் டாங்கியில் பின்னாளில் ஏறியது அதுதான். ஜெர்மனியின் பழைய லெபர்டில் அதுதான். அமெரிக்காவின் எம்-60இல் இருப்பது அதன் அமெரிக்கத் தம்பி. நம்ம விஜயந்தாவிலும் அதுவே. பெரியப்பா சுட்ட பீரங்கியும், முப்பது வருடம் கழித்துக் காந்தகாரில் கனடாக்காரன் சுட்ட பீரங்கியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அந்தக் காந்தகார் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

கனடா ராணுவம் டாங்கியே இனி வேண்டாம் என்று 2003இல் முடிவெடுத்திருந்தது. 1970களின் கடைசியில் வாங்கிய லெபர்டுகளை ஒழித்துவிட்டு, பீரங்கி வைத்த சக்கர வண்டிகளுக்கு மாறுவதாகத் திட்டம். 2006 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்வாய் பகுதியில் தாலிபானோடு பெரிய மோதல் வந்தது. அங்கே திராட்சைத் தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மண் சுவர். நடுநடுவே திராட்சை உலர்த்தும் கொட்டகைகள், அதுவும் மண்ணால். மண்தானே என்று நினைக்கக் கூடாது. நம்ம ஊர்ப் பழைய மண்வீட்டுச் சுவரில் ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயிலில் காய்ந்து இறுகி, கையகலம் இல்லை, கை நீளத் தடிமன். கனடா வண்டிகளில் இருந்த 25 மில்லிமீட்டர் துப்பாக்கியின் குண்டு அதில் குத்தி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சௌகரியமாகச் சுட்டான்.

உடனே, மூலையில் ஒதுக்கி வைத்த லெபர்டுகளைத் தூசி தட்டி விமானத்தில் ஏற்றினார்கள். அந்த வருடக் கடைசிக்குள் அவை காந்தகாரில். ஏசி கிடையாது. கோடையில் உள்ளே இருப்பவன் வேகிறான். கத்தரி வெயிலில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி மூடிய பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள், அதில் பாதி தெரியும். ஆனால் அந்த 105 பீரங்கி சுவரைப் பெயர்த்தது. முன்னால் மண் தள்ளும் தகடு மாட்டிய டாங்கி தோட்டத்துக்குள் புது வழி போட்டது. பழைய வழியில் போனால்தானே கண்ணிவெடி?

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. "ஹெஷ் அடிச்சிருப்பான்" என்றார்.

ஹெஷ் என்பது ஒரு வகைக் குண்டு. கவசத்தைத் துளைக்கும் குண்டு ஈட்டி மாதிரி. இது அப்படியில்லை. சுவரில் போய் விழுந்ததும் உள்ளிருக்கும் வெடிமருந்து சப்பென்று ஒட்டிப் பரவும், அப்புறம் வெடிக்கும். "வறட்டி தட்டறாங்க பாரு, அப்படி" என்று கேட் சுவரில் உள்ளங்கையால் அறைந்து காட்டினார். அதிர்ச்சி சுவருக்குள் போய் மறுபக்கத்தைப் பிளக்கும். பதுங்குகுழி, சுவர், கட்டடம் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. கனடாக்காரர்கள் பிறகு ஜெர்மனியிடம் 20 புது லெபர்ட்-2 டாங்கிகளைக் கடனாக வாங்கினார்கள். கவசம் கனம், எல்லா வகையிலும் மேல். ஆனால் அதன் 120 மில்லிமீட்டர் வழவழப்புக் குழல் பீரங்கியில் ஹெஷ் போடமுடியாது. அதனால் பழசுகளையும் வீட்டுக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். என் கடையிலும் இது நடக்கும். புது மாடல் லாரி வாங்கினவன் பழைய லாரியை விற்கமாட்டான். கேட்டால், மலைப்பாதைக்கு அதுதான் சரி என்பான்.

டாங்கியைச் செய்தவன் இன்னொரு டாங்கியோடு மோதத்தான் செய்கிறான். கவசம், வேகம், குறி எல்லாம் அந்தக் கணக்கு. இருபது முப்பது வருடத்தில் எதிரியின் குண்டு அந்தக் கவசத்தை ஜெயித்துவிடும், அப்போது அது 'பழசு' ஆகிவிடும். ஆனால் எதிரியிடம் டாங்கியே இல்லாத சண்டையில், மலைக்குள்ளிருந்து இருட்டில் வந்து போஸ்ட்டைத் தாக்கிவிட்டு ஓடுகிறவனோடு நடக்கும் சண்டையில், அந்தக் கணக்கு செல்லாது. அங்கே வேண்டியது மூன்று: துப்பாக்கிக் குண்டு துளைக்காத ஒரு பெட்டி, தூரத்தில் குறிபார்த்து அடிக்கும் ஒரு குழல், ராத்திரியில் தெரியும் ஒரு கண். முதல் இரண்டும் பழைய டாங்கியில் பிறவியிலேயே உண்டு. கண்ணை மட்டும் புதுசாக மாட்டினால் போதும்.

துருக்கி இதைப் பல வருடம் செய்தது. 1984இலிருந்து தென்கிழக்கு மலைகளில் குர்திஷ் போராளிகளோடு சண்டை. மலைமேல் சின்னச் சின்னக் காவல் நிலைகள். அங்கே அமெரிக்காவிலிருந்து வந்த எம்-48, எம்-60. சோவியத் டாங்கிகளோடு மோத வாங்கியவை, கடைசியில் மலைமேட்டில் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றன. அப்படி நிற்கும் டாங்கி சுடுவது அபூர்வம். அது அங்கே இருக்கிறது என்பதால், கீழே வருகிறவன் வேறு வழி தேடுகிறான்.

"அதான் காவல்" என்றார் பெரியப்பா. "இந்த கேட்டாண்ட நான் எத்தினி திருடன புடிச்சன்? ஒருத்தனும் இல்ல. நான் கீறன்னு தெரிஞ்சா அவன் அந்தப் பக்கம் செவுரு ஏறுவான்."

"அப்ப நீங்களும் அந்த டாங்கி மாதிரிதான்."

"போடா. டாங்கிக்கு டீசல் ஊத்தினா போதும். எனக்கு முட்டி வலிக்கு மாத்திரை வேணும்."

அதோடு அந்த ஒப்புமையை விட்டுவிட்டேன்.

ஆனால் எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்லிக் கொடுத்தார். கேட்டின் உள்ளே மணலில் கைத்தடியால் கோடு போட்டார். டாங்கியை அப்படியே மேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறவன் முட்டாள். குழி தோண்டவேண்டும். முன்னால் மண் மேடு, பின்னால் சரிவு. வண்டி உள்ளே இறங்கினால் உடம்பு மண்ணுக்குள், தலை மட்டும் வெளியே. "எருமை குட்டையில எறங்கின மாதிரி." பிறகு இரண்டாவது குழி, நூறு நூற்றைம்பது கெஜம் தள்ளி. அப்புறம் மூன்றாவது. பகலில் ஒன்றில் இருந்தால் இருட்டினதும் இன்னொன்றுக்கு.

"எதுக்கு மூணு?"

"ஒரே குழியில ஒரு வாரம் நின்னா, எதிரி அந்தக் குழிக்குப் பேரு வச்சிடுவான். பேரு வச்சிட்டான்னா தூரம் அளந்துட்டான்னு அர்த்தம்."

இன்னொன்றும் சொன்னார். டாங்கிக்கு உடம்பு பெரிசு, கண் சின்னது. மூடி போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால், சாவித் துவாரம் வழியாகத் தெருவைப் பார்ப்பது போல. பக்கவாட்டில் ஒருத்தன் தவழ்ந்து வந்தால் தெரியாது. அதனால் காலாட்படைக்காரன் நாலு பேர் சுற்றிலும் கிடக்கவேண்டும். டாங்கி போஸ்ட்டைக் காக்கிறது என்று வெளியில் சொல்வார்கள். போஸ்ட்தான் டாங்கியைக் காக்கிறது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் சத்தமில்லாமல் கண்காணிக்க இன்ஜினை நிறுத்தி பேட்டரியில் ஓட்டவேண்டும். பழைய வண்டியின் பேட்டரி இறங்கும். இறங்கினால் இன்ஜினைப் போடவேண்டும். போட்டால் இரண்டு கல் தூரத்துக்குக் கேட்கும். "அப்ப ராத்திரி எத்தினி மணிக்கு ஸ்டார்ட் பண்ணுவான்னு எதிரி கடிகாரம் வச்சிப் பாத்துப்பான். அதனால நேரம் மாத்திப் போடணும். டிரைவருக்குத் தூக்கம் போச்சி."

வண்டி நின்ற இடத்திலேயே நின்றாலும் பராமரிப்பு குறையாது என்பது எனக்குப் புரிந்த விஷயம். ஓடாத லாரிதான் அதிகம் செலவு வைக்கும். ரப்பர் சீல் காயும், எண்ணெய் இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும். ஓட்டினாலோ லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். அந்த டீசலை மலைமேல் ஏற்ற ஒரு லாரி, அந்த லாரிக்குக் காவலாக இன்னும் இரண்டு வண்டி. பழைய டாங்கி சும்மா கிடைத்தது, செலவில்லை என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை என் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்து பார்க்கலாம்.

முற்றுகையில் மாட்டிய இடத்துக்கு ஓடும் பீரங்கி வந்து சேரும் கதை வேலூருக்குப் புதிதில்லை. 1806 ஜூலை 10 விடியலில் கோட்டைக்குள் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களுக்கு எதிராக எழுந்தார்கள். உயிர் தப்பிய வெள்ளைக்கார சிப்பாய்கள் சுமார் 60 பேர் வாசலுக்கு மேல் கொத்தளத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி 19ஆவது டிராகூன் குதிரைப்படையோடு வந்தார். முன்னால் கொஞ்சம் பேரோடு பாய்ந்து வந்தவரைக் கயிறு கட்டி மதிலுக்கு மேலே இழுத்தார்கள். ஆனால் கயிற்றில் ஏறினவரால் கோட்டை விழவில்லை. பின்னால் குதிரைகள் இழுத்துக்கொண்டு ஓடிவந்த சின்ன பீரங்கிகள் கதவைத் தகர்த்த பிறகுதான் விழுந்தது. அன்று பகலுக்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சிப்பாய்களின் தீரத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள், நியாயம்தான். ஆற்காட்டிலிருந்து இத்தனை கல் தூரம் இழுத்து வந்த அந்தப் பீரங்கியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோட்டைக்குள் போகும்போதெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறோம்.

டாங்கி காலத்தில் அதற்கு இணையாக நான் நினைப்பது ஜோஜி லா. 1948 நவம்பர் 1. லடாக்குக்குப் போகும் கணவாய், பதினோராயிரம் அடிக்கு மேல் உயரம். இருபக்கமும் பாறைக் குகைகளில் பாகிஸ்தான் தரப்பு எதிரிகள் உட்கார்ந்திருக்க, இந்தியக் காலாட்படை பலமுறை மோதித் திரும்பியது. ஜெனரல் திம்மையா டாங்கியை ஏற்றுவோம் என்றார். 7ஆவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள். இதுவும் பழைய மெட்ராஸ் குதிரைப்படை வழி வந்த ரெஜிமென்ட். ஸ்டூவர்ட் என்பது இரண்டாம் உலகப் போரின் தொடக்க கால அமெரிக்க வண்டி, 37 மில்லிமீட்டர் பீரங்கி. 1948இலேயே அதை டாங்கி என்று சொன்னால் ஐரோப்பாவில் சிரித்திருப்பார்கள். மேல்கூண்டைக் கழற்றித் தனியாக, உடம்பைத் தனியாக, இரவில் யாருக்கும் தெரியாமல் ஸ்ரீநகர் வழியாகக் கொண்டுபோனார்கள். கோவேறு கழுதை போகிற பாதையை டாங்கி போகிற பாதையாக்கியது ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ். திம்மையாவே முன்னால் போன டாங்கியில் இருந்தார். பனி விழுந்துகொண்டிருந்தபோது, குகை வாசலுக்கு நேராக அந்தச் சின்னக் குழல்கள் திரும்பின. எதிரியிடம் அதற்கு எதிராக ஒன்றுமே இல்லை, அந்த உயரத்தில் ஒரு டாங்கியைப் பார்ப்போம் என்று யாரும் நினைக்கவும் இல்லை. கணவாய் திறந்தது. எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து சாப்பர்ஸில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் பாதையில் கல் உடைத்தவர்களில் ஒருவராவது பாலாற்றங்கரைக்காரராக இருந்திருப்பார் என்று நானாக நம்பிக்கொள்கிறேன்.

வியட்நாமில் ஆஸ்திரேலியர்கள் 1968 மே மாதம் பால்மோரல் என்ற தற்காலிக முகாமுக்குச் செஞ்சூரியன்களை வரவழைத்தார்கள். காட்டுக்கு டாங்கி எதற்கு என்று முதலில் கேட்டவர்கள், ராத்திரித் தாக்குதல் இரண்டு வந்த பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். அந்த வண்டியும் 1945இல் பிறந்தது. அதற்கு முன்னால், அதே வியட்நாமில் தியன் பியன் பூ முகாமில் பிரெஞ்சுக்காரர்கள் பத்து சாஃபி டாங்கிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து விமானத்தில் கொண்டுபோய் அங்கேயே பூட்டினார்கள். அவை ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தன. 1954 மே 7இல் முகாம் விழுந்தது. பள்ளத்தாக்கின் அடியில் முகாமும், சுற்றி மலையில் எதிரியின் பீரங்கியும் என்றால் பத்து டாங்கி அல்ல, நூறு இருந்தும் பயனில்லை. பெரியப்பா இதைக் கேட்டு, "கொளத்துக்குள்ள வூடு கட்டினவன் ஓட்டையச் சாணி வச்சி அடைச்ச கத" என்றார்.

இவ்வளவு தூரம் டாங்கியின் பக்கமே பேசிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமும் பேசவேண்டும்.

அணைக்கட்டுப் பக்கம் எனக்கு ஒரு மாமா உண்டு, அம்மா வழியில். காலாட்படை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அமைதிப்படை காலத்தைப் பற்றி எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர்கள் பேசுவது அபூர்வம். எதிரில் இருந்தவனும் தமிழ் பேசினான், தெருவில் இருந்தவளும் தமிழ் பேசினாள். ஒரு கல்யாண வீட்டில், சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்திருந்தபோது மாமா தானாகச் சொன்னார். அங்கே நம்ம ஆட்கள் கொண்டுபோனது டி-72. அப்போது அது பழசு இல்லை, புது வண்டி. குறுகிய ஒழுங்கைகள், பனைமட்டை வேலி, புதைத்து வைத்த கண்ணிவெடி. அந்த இடத்தில் புதுசென்ன, பழசென்ன?

"டாங்கி சத்தம் கேட்டா எங்களுக்குத் தெம்பு வரும். நடந்து போறவனுக்கு அதான் தாய் மாதிரி. ஆனா ஒருநாள் ஒரு கெழவி வந்து எங்கிட்ட, 'தம்பி, இதைக் கொஞ்சம் தள்ளி விட ஏலாதோ, கிணத்துக் கட்டு வெடிச்சுப் போச்சு'ன்னு கேட்டா. உள்ள கீறவனுக்குத் தமிழ் தெரியாது. நான் இந்தியில சொன்னன். வண்டி ரெண்டு அடி தள்ளிப் போச்சி. கட்டு போனது போனதுதான்."

சற்று நேரம் கழித்து, "அவ கோவமா கேக்கல. அதான்" என்றார்.

உள்நாட்டுக் கலகத்தை அடக்கும் சண்டை ஊர்க்காரர்கள் மனசுக்குள் நடக்கிற சண்டை என்று எல்லா நாட்டு ராணுவக் கையேடும் எழுதுகிறது. அந்த ஊரின் கிணற்றடியில் முப்பது நாற்பது டன் இரும்பை நிறுத்திவிட்டு மனசைப் பற்றிப் பேசுவது எப்படி? டாங்கியின் சங்கிலிப் பட்டை தார் ரோட்டைக் கிழிக்கும், வரப்பை நசுக்கும், மதகை உடைக்கும். மலைமேட்டில், ஊரை விட்டுத் தள்ளி நிற்கும்வரை அது காவல்காரன். ஊருக்குள் இறங்கியதும் அதற்கு வேறு பெயர். என் அபிப்பிராயம் இதுதான்: பழைய டாங்கியைப் போஸ்ட்டில் வை, தெருவில் விடாதே. பெரியப்பாவும் மாமாவும் இந்த ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகிறார்கள். மற்றதில் எல்லாம் கவசப்படைக்கும் காலாட்படைக்கும் மாமியார் மருமகள் சண்டை.

விஜயந்தாவும் தெருவில் இறங்கியிருக்கிறது. 1984 ஜூனில் அம்ரித்சர் பொற்கோயில் வளாகத்துக்குள். ஆவடியில் செய்த வண்டி அகால் தக்த் மீது சுட்டது. பெரியப்பா அங்கே இல்லை. ஆனாலும் அதைப் பற்றிக் கேட்டால் தெர்மாஸைத் திறந்து டீ ஊற்றுவார், மூடுவார். ராணுவக் கணக்கில் அது சில நாளில் முடிந்த வேலை. அதன்பின் சீக்கியச் சிப்பாய்கள் பல இடங்களில் கலகம் செய்ததும், அக்டோபர் 31இல் பிரதமர் இல்லத்தில் நடந்ததும், அதற்குப் பிறகு டெல்லித் தெருக்களில் நடந்ததும் எந்தக் கணக்கில் வரும்? "எங்க ரெஜிமென்ட்ல சர்தார்ஜிங்க இல்ல. ஆனா பக்கத்து லைன்ல இருந்தாங்க. ஒரு வாரம் எங்ககிட்ட ரொட்டி வாங்கல" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

எதிரி கையில் வரும் ஆயுதத்தையும் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். போஸ்ட் விழுந்தால் டாங்கியும் விழும். 1993 நவம்பரில் பூநகரி முகாமைப் புலிகள் தாக்கியபோது இலங்கை ராணுவத்தின் டி-55 இரண்டு அவர்கள் கைக்குப் போயின. காவல் வைத்த நாய் திருடனோடு போன மாதிரி. இன்னொரு பக்கம், தோளில் வைத்து அடிக்கும் ஆர்பிஜி போய், கிலோமீட்டர் கணக்கில் தேடி வரும் ஏவுகணை வந்துவிட்டது. துருக்கியின் டாங்கிகள் மலைமேட்டில் பல வருடம் ராஜாவாக இருந்தன. 2016 டிசம்பரில் சிரியாவின் அல்-பாப் ஊர் வாசலில் அதே ராணுவம், இன்னும் உசத்தியான லெபர்ட்-2 டாங்கிகளையே வரிசையாக இழந்தது. மேட்டில் பல நாள் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளும் அதில் அடக்கம். குழி மாற்றாதவர்கள் என்று பெரியப்பா தீர்ப்பு எழுதினார். இப்போது ட்ரோன் வந்துவிட்டது, அது எந்தக் குழியையும் மேலிருந்து பார்க்கும் என்று நான் சொன்னேன். பதில் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்தார். மேலே சிப்காட் புகைதான் இருந்தது.

ரயிலில் போன அந்த டி-55கள் பின்னால் என்ன ஆயின என்று தொடர்ந்து படித்தேன். பல இடங்களில் அவற்றைத் தூரத்தில் நிறுத்தி, சாதாரண பீரங்கி மாதிரி வானத்தை நோக்கிச் சுட வைத்தார்கள். சிலவற்றில் ஆளே இல்லாமல் வெடிமருந்தை நிரப்பி எதிரி அகழியை நோக்கி ஓட விட்டார்கள். அடுத்த வாரம் இதைச் சொன்னபோது பெரியப்பாவுக்கு முதலாவது பிடித்தது. இரண்டாவதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"வண்டிய அப்படி அனுப்பக் கூடாதுடா."

"உங்க வண்டி இன்னா ஆச்சு பெரியப்பா?"

பின் கேட்டுக்கு வெளியே ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. போய் நம்பர் பார்த்து, நோட்டில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, கேட்டைத் திறந்து மூடிவிட்டு வந்தார். உட்காரக் கொஞ்சம் நேரம் பிடித்தது, முட்டி.

"ராஜஸ்தான் பக்கம் ஒரு ரேஞ்ச். புதுசா வந்த பசங்க சுட்டுப் பழக டார்கெட் வேணும்னாங்க. பட்டியல்ல என் வண்டி இருந்திச்சி. நான்தான் ஓட்டிம்போயி விட்டன். அன்னிக்கின்னு பாத்து ஒரே ஸ்டார்ட்டு. வழியெல்லாம் ஒரு தகராறு பண்ணல."

"அப்புறம்?"

"பேட்டரியக் கழட்டினோம். ரேடியோவக் கழட்டினோம். எல்லாம் ஜீப்புல ஏத்தினதும் எடம் இல்ல. நான் நடந்து வந்தன்."